பாஸ்தாவும் ஒரு பாடம்தான்: நகரங்கள், சாப்பாடு வழியாக இத்தாலியைச் சொல்லித் தரும் கல்லூரிகள் - அப்படி என்ன இருக்கு இந்தப் படிப்பில்?

டெல்லி செங்கோட்டையில் 2025 டிசம்பரில் யுனெஸ்கோ குழு கூடியபோது இந்தியாவில் தலைப்புச் செய்தியானது தீபாவளி. உலக பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் நம் பண்டிகைக்கு இடம் கிடைத்தது. அதே கூட்டத்தில், அதே பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்தது: இத்தாலியச் சமையல். ஒரு பீட்சாவோ, ஒரு பாஸ்தாவோ இல்லை. ஒரு நாட்டு மக்கள் வீட்டில் சமைத்து, கூடி உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் மொத்தத்துக்கும் கிடைத்த அங்கீகாரம் அது.

இதற்கு ரொம்ப முன்பிருந்தே அமெரிக்கக் கல்லூரிகளிலும் இத்தாலியின் பல்கலைக்கழகங்களிலும் ஒரு வகைப் பாடம் நடந்து வருகிறது. இத்தாலியப் பண்பாட்டை நகரங்கள் வழியாகவும், அந்த நகரங்களின் சாப்பாடு வழியாகவும் படிப்பது. ஒரு வாரம் ரோம், அடுத்த வாரம் நேப்பிள்ஸ், அதற்கடுத்து பலெர்மோ என்று செமஸ்டர் நகரும். வெளியே இருந்து பார்த்தால் பாஸ்தா சாப்பிட்டு மார்க் வாங்குகிற படிப்பு மாதிரிதான் தெரியும். உள்ளே போனால் முதல் வாரமே மாணவர்களிடம் வைக்கப்படும் கேள்வி வேறு. இத்தாலிய உணவு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

கல்லூரிகள் ஏன் இதைக் கையில் எடுத்தன?

நேராகச் சொன்னால், ஆள் பிடிக்கத்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் இத்தாலிய மொழி படிப்பவர்களின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள நவீன மொழிகள் சங்கம் எடுக்கும் கணக்குப்படி 2013ல் 71,000 பேருக்கு மேல் இத்தாலியன் படித்தார்கள். 2016ல் அது சுமார் 57,000. 2021ல் சுமார் 45,000. எட்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது.

பள்ளி மட்டத்திலும் இதே கதை. கல்லூரிக்கு முன்பே பள்ளியில் எழுதும் மேம்பட்ட நிலைத் தேர்வுகளில் இத்தாலியன் 2006ல்தான் நுழைந்தது. எழுத ஆள் போதவில்லை என்று 2009க்குப் பிறகு நிறுத்தப்பட்டது. இத்தாலிய அரசும் இத்தாலிய வம்சாவளி அமைப்புகளும் பணம் திரட்டிக் கொடுத்த பிறகுதான் 2012ல் அந்தத் தேர்வு மறுபடி வந்தது.

மாணவர் வரவில்லை என்றால் துறைக்குப் பணம் குறையும். ஓய்வு பெறுபவர் இடத்துக்குப் புது ஆசிரியர் வர மாட்டார். கடைசியில் துறையே மூடப்படும். தாந்தேயின் காவியத்தைப் படிக்க வாருங்கள் என்றால் பத்துப் பேர் வருகிற இடத்தில், இத்தாலியச் சாப்பாட்டைப் படிக்க வாருங்கள் என்றால் வகுப்பு நிரம்பிவிடுகிறது. அதனால்தான் இந்தப் பாடங்களில் பலவற்றை ஆங்கிலத்திலேயே நடத்துகிறார்கள். பொறியியல், வணிகம் படிக்கும் மாணவர்கூட விருப்பப் பாடமாக எடுக்கலாம். வந்தவர்களில் சிலராவது அடுத்த செமஸ்டர் மொழி வகுப்புக்கும் வருவார்கள் என்பது துறைகளின் நம்பிக்கை. இதை வெறும் விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏன் என்பது பாடத்துக்குள் போனால்தான் தெரியும்.

சாப்பாடு சரி, ஏன் நகரம்?

இத்தாலி என்ற நாடே 1861ல்தான் உருவானது. அதற்கு முன் அது பல சிற்றரசுகள், குடியரசுகள், போப்பின் ஆட்சிப் பகுதிகள் என்று சிதறிக் கிடந்த நிலம். நாடு ஒன்றானபோது அதன் மக்களில் இத்தாலிய மொழி பேசத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் மொழியியலாளர்களுக்குள் இன்றும் விவாதம் உண்டு. துல்லியோ தே மாவுரோவின் கணிப்பு 2.5 சதவீதம். தாராளமாகக் கணக்கிட்டவர்களே சுமார் 10 சதவீதம் என்றுதான் சொன்னார்கள். மற்றவர்கள் பேசியதெல்லாம் வெனிஸ் மொழி, நேப்பிள்ஸ் மொழி, சிசிலி மொழி. சாப்பாடும் அப்படியே.

ஆனால் நகரங்கள் ஒன்றின் சரக்கை இன்னொன்று நன்றாக அறிந்திருந்தன. 1288லேயே பொன்வெசின் என்ற மிலன் நகர ஆசிரியர், தன் ஊரின் பெருமைகளைப் பட்டியலிட்ட நூலில் அங்கே கிடைக்கும் காய், கனி, மீன், இறைச்சி எல்லாவற்றையும் எழுதி வைத்தார். 1548ல் ஒர்தென்சியோ லாந்தோ என்பவர் எழுதிய வேடிக்கையான பயண நூல் ஒன்று, எந்த ஊரில் எதைச் சாப்பிட வேண்டும் என்று நகரம் நகரமாகச் சொல்லிக்கொண்டே போகிறது. இன்றைய ஃபுட் விளாகர்களுக்கு 16ஆம் நூற்றாண்டு மூதாதை என்றே சொல்லலாம்.

இந்தத் துறையில் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும் நூல் ஒன்று உண்டு. அல்பெர்த்தோ கபாத்தி, மாஸ்ஸிமோ மொந்தனாரி என்ற இரு வரலாற்றாசிரியர்கள் 1999ல் எழுதிய இத்தாலியச் சமையல் வரலாறு. ஒற்றை ரெசிபிப் புத்தகத்துக்குள் அடங்குகிற சமையல் இல்லை இது, நகரங்கள் ஒன்றுக்கொன்று பண்டங்களையும் பழக்கங்களையும் கைமாற்றிக்கொண்டதில் உண்டான வலைப்பின்னல் என்பது அவர்களின் வாதம். மாணவர்களை நகரம் நகரமாக அழைத்துப் போவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

அந்த வலையை ஒரே புத்தகமாகக் கட்டியவர் சமையல்காரர் இல்லை, ஓய்வு பெற்ற வணிகர். பெயர் பெல்லெக்ரினோ அர்தூசி. 1891ல் சொந்தக் காசில் ஒரு சமையல் நூலை அச்சிட்டார். வாசகிகள் கடிதம் எழுதி அவரவர் ஊர்ச் சமையல் குறிப்புகளை அனுப்ப, முதல் பதிப்பில் 475 ஆக இருந்த குறிப்புகள் கடைசிப் பதிப்பில் 790 ஆகின. ஊருக்கு ஊர் வேறு பெயரில் இருந்த பண்டங்களுக்கு ஒரு பொதுப் பெயரும், எல்லோருக்கும் புரியும் மொழியும் கிடைத்தது அந்த நூலால்தான். பள்ளிக்கூடங்கள் செய்ய முடியாததை அடுப்படி செய்தது என்று சொன்னால் மிகையில்லை. அதிலும் ஒரு ஓரவஞ்சனை இருந்தது. அர்தூசி நன்றாக அறிந்தது வடக்கும் நடு இத்தாலியும்தான். தெற்கு அவர் நூலில் ரொம்பவே மெலிந்து கிடக்கிறது.

பொலோனியா: பாஸ்தாவுக்கு அரசாங்க அளவு

பாடத்தில் பொலோனியா வராமல் இருக்காது. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் இங்கேதான். 1088ல் தொடங்கியது என்பது மரபுக் கணக்கு. இந்த ஊருக்கு மூன்று பட்டப்பெயர்கள் உண்டு: படித்தவள், கொழுத்தவள், சிவந்தவள். படிப்பு பல்கலைக்கழகத்தால். கொழுப்பு சாப்பாட்டால். சிவப்பு, வீடுகளின் செங்கல் நிறத்தாலும் அரசியலாலும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1999 வரை இந்த நகரத்து மேயர்கள் எல்லோரும் இடதுசாரிகள்தான்.

உலகம் முழுக்க ஓட்டல் மெனுவில் இருக்கும் ஸ்பகெட்டி பொலோனெய்ஸ் இந்த ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காத பெயர். இவர்கள் இறைச்சிக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவது முட்டை சேர்த்துப் பிசைந்து, தட்டையாக வெட்டிய தாலியாத்தெல்லே என்ற பாஸ்தாவில். 1972ல் அதன் அகலத்தையே அதிகாரபூர்வமாகப் பதிவு செய்தார்கள். வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். நகரின் அடையாளமான அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270ல் ஒரு பங்கு! தங்கத்தில் ஒரு மாதிரி செய்து வணிகர் சங்கத்தில் வைத்திருக்கிறார்கள். 1982ல் இறைச்சிக் குழம்பின் செய்முறையும் அங்கேயே பதிவானது. 2023ல் அதைத் திருத்தி மறுபடி பதிந்தார்கள்.

பாரம்பரியம் என்றால் மாறாதது இல்லையா? மாறாதது என்றால் 2023ல் திருத்தம் எதற்கு? வகுப்பில் விவாதம் சூடு பிடிப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

இதைவிடச் சூடான விவாதம் 2019ல் நடந்தது. நகரின் காவல் புனிதர் திருவிழாவில், பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களும் கலந்துகொள்ளட்டும் என்று கோழி இறைச்சி வைத்த தொர்தெல்லினியையும் கூடுதலாகப் பரிமாற ஏற்பாடானது. தொர்தெல்லினி என்பது நம் சோமாசி மாதிரி உள்ளே பூரணம் வைத்து மடிக்கும் சின்ன பாஸ்தா. வழக்கமாக உள்ளே இருப்பது பன்றி இறைச்சி. வலதுசாரித் தலைவர் மத்தேயோ சால்வினி, இது நம் அடையாளத்தை அழிக்கும் வேலை என்று கொதித்தார். வழக்கமான தொர்தெல்லினியை யாரும் எடுத்துவிடவில்லை, இன்னொரு வகை சேர்ந்தது, அவ்வளவுதான். ஆனாலும் நாடு முழுக்கச் செய்தியானது. யார் நம்மவர், யார் வெளியாள் என்ற சண்டை ஒரு கிண்ணம் சூப்புக்குள் நடக்க முடியும் என்பதை இந்தியாவில் இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பொலோனியாவைச் சுற்றியிருக்கும் பார்மா, ரெஜியோ எமிலியா, மோடெனா பகுதிகளில்தான் பார்மிஜானோ ரெஜியானோ பாலாடைக்கட்டி தயாராகிறது. ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ. அதற்கு 550 லிட்டர் அளவுக்குப் பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் பதப்பட்ட பிறகே விற்க முடியும். ஒரு வருஷம் பணத்தை முடக்கி வைத்தால் சிறு உற்பத்தியாளர் எப்படிப் பிழைப்பது? கிரெதெம் என்ற உள்ளூர் வங்கி, இந்தச் சக்கரங்களையே அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டு கடன் கொடுக்கிறது. நம் ஊர் நகைக்கடன் மாதிரி, அங்கே சீஸ் கடன். 2012 மே மாத நிலநடுக்கத்தில் கிடங்குகளின் அடுக்குகள் சரிந்து லட்சக்கணக்கான சக்கரங்கள் சேதமாயின. அப்போது மோடெனாவின் புகழ்பெற்ற சமையல் கலைஞர் மாஸ்ஸிமோ பொத்தூரா, அந்த சீஸை வைத்து ஒரு ரிசொத்தோ சாதம் செய்து, எல்லோரும் வீட்டில் அதையே செய்யச் சொல்லி சீஸ் விற்பனைக்குக் கை கொடுத்தார். பொருளாதாரம் படிக்கும் மாணவருக்கு இந்தப் பாடத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, பதில் இந்த ஒரு சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது.

ரோம்: கார்பொனாரா பண்டைக் காலத்ததா?

2023 மார்ச்சில் ஒரு பேட்டி இத்தாலியைக் கொதிக்க வைத்தது. பார்மா பல்கலைக்கழகத்தின் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர் அல்பெர்த்தோ கிராந்தி, பிரிட்டிஷ் நாளிதழான ஃபைனான்ஷியல் டைம்ஸில் பேசினார். இத்தாலியர்கள் தொன்மையானது என்று நம்பும் பல பண்டங்கள் சமீபத்தில் வந்தவை, கார்பொனாராவே அமெரிக்கத் தொடர்பால் பிறந்தது என்றார். விவசாயிகள் அமைப்பான கொல்திரெத்தி கடுமையாகக் கண்டித்தது. இதில் ஒரு வேடிக்கை, இத்தாலிய அரசு தன் சமையலை யுனெஸ்கோ பட்டியலுக்குப் பரிந்துரைத்ததும் அதே மாதத்தில்தான்.

கிராந்தி கொஞ்சம் வம்புக்கு இழுக்கிற ஆள்தான். ஆனால் கார்பொனாரா விஷயத்தில் ஆதாரம் அவர் பக்கம் சாய்கிறது. முட்டை, பன்றிக் கன்ன இறைச்சி, சீஸ், மிளகு சேர்ந்த இந்தப் பாஸ்தாவுக்கு அந்தப் பெயரில் அச்சில் கிடைக்கும் மிகப் பழைய செய்முறைகளில் ஒன்று, 1952ல் அமெரிக்காவின் சிகாகோ உணவகங்களைப் பற்றி வெளியான கையேட்டில் இருக்கிறது. 1954ல் ஒரு இத்தாலியப் பத்திரிகையில் வந்த செய்முறையில் பூண்டும் சுவிட்சர்லாந்து வகை சீஸும் இருக்கின்றன. இன்று ரோமில் யாராவது அப்படிச் செய்தால் அவர் கதி அவ்வளவுதான். 1944ல் ரோமுக்கு வந்த அமெரிக்கப் படையினரின் ரேஷனில் இருந்த பேக்கனும் முட்டைப் பொடியும் இதில் பங்கு வகித்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. போர்ப் பசி, ஆக்கிரமிப்பு, அமெரிக்கா என்று 1940களின் ரோமையே ஒரு தட்டு பாஸ்தாவை வைத்துச் சொல்லிவிட முடிகிறது.

ரோமில் இன்னும் இரண்டு இடங்களை இந்தப் பாடங்கள் தவறவிடுவதில்லை.

ஒன்று, தெஸ்தாச்சோ. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே பெரிய ஆட்டுமாட்டு அறுப்புக்கூடம் வந்தது. வேலையாட்களுக்குக் கூலியில் ஒரு பகுதி குடல், வால், ஈரல் என்று மிஞ்சும் உறுப்புகளாகவே கிடைத்தது. நல்ல கறி பணக்காரர்களுக்குப் போனது. மிஞ்சியதை வைத்து அவர்கள் வீட்டுப் பெண்களும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளும் சமைத்ததுதான் இன்று ரோமின் பெருமையாகப் பேசப்படும் குடல் குழம்பும் மாட்டுவால் கறியும். நம்ம ஊர் போட்டி, குடல் கறியின் கதையும் இதற்கு ரொம்ப தூரமில்லை. அறுப்புக்கூடம் 1975ல் மூடப்பட்டது. இப்போது அங்கே கலைக்கூடமும் கல்லூரி வகுப்பறைகளும் இருக்கின்றன. சுவரில் மாட்டுக் கொக்கிகள் இன்னும் அப்படியே.

இன்னொன்று, யூதக் குடியிருப்பு. 1555ல் போப் நான்காம் பவுல் ரோமின் யூதர்களை டைபர் ஆற்றோரம் மதில் சுவருக்குள் அடைத்தார். 1870 வரை அந்த நிலைமை நீடித்தது. முழு ஆர்ட்டிசோக்கை எண்ணெயில் பூவாக விரியப் பொரித்தெடுக்கும் பண்டம் அந்த அடைப்புக்குள் வளர்ந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று சாப்பிடும் அதே தெருவிலிருந்துதான் 1943 அக்டோபர் 16 அன்று நாஜிகள் யூதக் குடும்பங்களை வாரிக்கொண்டு போனார்கள். நகரம் முழுக்கப் பிடித்தவர்களில் 1,000க்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆர்ட்டிசோக்கை மட்டும் ருசித்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது பாடம் இல்லை, டூர் பேக்கேஜ்.

நேப்பிள்ஸ்: ராணியின் பீட்சாவும் காலராவும்

1889ல் ராணி மார்கெரித்தா நேப்பிள்ஸ் வந்தபோது, ரஃபேலே எஸ்போசித்தோ என்ற பீட்சாக்காரர் இத்தாலியக் கொடியின் மூன்று நிறத்தில் ஒரு பீட்சா செய்து கொடுத்தார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். தக்காளி சிவப்பு, சீஸ் வெள்ளை, துளசி இன இலையின் பச்சை. இந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் அரண்மனைக் கடிதத்தின் நம்பகத்தன்மையையே சில ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

கதை உண்மையோ இல்லையோ, அது ஏன் தேவைப்பட்டது என்பதுதான் சுவாரஸ்யம். அதற்கு ஐந்தே ஆண்டு முன்பு, 1884ல், நேப்பிள்ஸை காலரா சூறையாடியது. பீட்சா அப்போது தெருவில் துண்டு துண்டாக விற்கப்பட்ட ஏழைகளின் உணவு. அந்த ஆண்டு பத்திரிகையாளர் மத்தில்தே செராவோ நகரின் ஏழ்மையைப் பற்றி எழுதிய நூலில், பீட்சாவை ரோமில் விற்கப் போன ஒருவரின் கடை புதுமை தீர்ந்ததும் படுத்துவிட்டதைச் சொல்கிறார். அதாவது அன்றைக்கு பீட்சா இத்தாலிய உணவே இல்லை, நேப்பிள்ஸ் உணவு மட்டும்தான். இன்று சாப்பிடு, எட்டு நாள் கழித்துக் காசு கொடு என்ற கடன் வியாபாரமும் அந்தத் தெருக்களில் நடந்தது. நோயும் ஏழ்மையும் பிடித்த நகரத்தின் பண்டத்தை ராணியே சாப்பிட்டார் என்ற கதை, புதிதாக ஒன்றான நாட்டுக்கு ரொம்ப வசதியாக இருந்தது. 2017ல் நேப்பிள்ஸ் பீட்சா கலைஞர்களின் கைத்தொழில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

தக்காளியும் அந்த ஊருக்கு விருந்தாளிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இத்தாலியில் அச்சான முதல் தக்காளி சாஸ் குறிப்பு, 1690களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி எழுதிய நூலில் இருக்கிறது. அதற்கு அவர் வைத்த பெயர், ஸ்பெயின் பாணி சாஸ்! தக்காளி இல்லாத இத்தாலியச் சமையலை நினைத்துப் பார்க்க முடியாததைப் போலத்தான், தக்காளியும் மிளகாயும் இல்லாத தமிழ்ச் சமையலையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டுமே கொலம்பஸுக்குப் பிறகு வந்தவை.

பலெர்மோ, வெனிஸ்: கடல் கொண்டு வந்தது

பாஸ்தாவை மார்க்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டு வந்தார் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அவர் ஊர் திரும்பியது 1295ல். ஆனால் சிசிலியின் நார்மன் அரசர் இரண்டாம் ரோஜருக்காக அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி 1154ல் முடித்த நூலில், பலெர்மோவுக்குப் பக்கத்தில் திராபியா என்ற ஊரில் உலர்ந்த மாவு இழைகள் செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்ததைக் குறிப்பிடுகிறார். 1279ல் ஜெனோவாவில் ஒரு சிப்பாயின் சொத்துப் பட்டியலில் ஒரு கூடை மக்ரோனி இருக்கிறது. மார்க்கோ போலோ கதை இங்கேயே முடிந்தது.

வெனிஸ் பணக்கார ஊரானதில் நம் பக்கத்து மலபார் மிளகுக்குப் பெரிய பங்கு உண்டு. அரபு வணிகர்கள் வழியாக எகிப்துக்கு வந்த மிளகை வாங்கி ஐரோப்பா முழுக்க விற்றது அந்த நகரம். 1498ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய செய்தி வெனிஸ் வணிகர்களை உலுக்கியது இதனால்தான்.

கப்பல் ஏறிய சாப்பாடு

1876 முதல் 1915 வரை சுமார் 1.4 கோடி பேர் இத்தாலியை விட்டு வெளியேறினார்கள். பெரும்பாலும் பசியால். ஊரில் இறைச்சி என்பது பண்டிகை நாள் சமாச்சாரம். அமெரிக்கா போனவர்களுக்கோ சம்பளக் காசில் இறைச்சியும் வெள்ளை மாவும் வாங்க முடிந்தது. ஸ்பகெட்டி மேல் பெரிய பெரிய இறைச்சி உருண்டைகள் வைத்துப் பரிமாறுவது அப்படித்தான் அமெரிக்காவில் வளர்ந்தது. இத்தாலியிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். வரலாற்றாசிரியர் ஹேசியா டைனர் 2001ல் எழுதிய நூல், பசித்து வந்தவர்கள் அமெரிக்காவில் தங்கள் உணவை எப்படிப் புதிதாகக் கட்டினார்கள் என்பதை விரிவாகச் சொல்கிறது. அமெரிக்க வகுப்பறையில் இது தங்கள் கொள்ளுப்பாட்டி கதை என்பதால் பல மாணவர்களுக்கு நெருக்கமான வாரம் இது.

இங்கே அடிக்கடி திரையிடப்படுவது 1996ல் வந்த 'பிக் நைட்' படம். அமெரிக்காவில் ஓட்டல் நடத்தும் இரு இத்தாலியச் சகோதரர்கள். ரிசொத்தோ சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஸ்பகெட்டி வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் அண்ணன் படும் பாடு, நம் ஆட்கள் வெளிநாட்டில் 'சௌத் இந்தியன்' ஓட்டலுக்குள் நுழைந்து படும் பாட்டுக்குச் சமம். 1948ன் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தில் அப்பாவும் மகனும் ஓட்டலில் உட்கார்ந்து, பக்கத்து மேசைப் பணக்காரப் பையனைப் பார்த்தபடி சாப்பிடும் காட்சியும் தவறாமல் வரும். போருக்குப் பிந்தைய ரோமின் வர்க்கப் பிரிவை அந்த இரண்டு மேசைகளே காட்டிவிடுகின்றன.

விமர்சனமே இல்லையா?

நிறைய உண்டு. சுலபமாக மார்க் வாங்கும் பாடம் என்ற பேச்சு ஒரு பக்கம். மொழி தெரியாமல் பண்பாட்டை எப்படிப் படிப்பது என்ற கேள்வி இன்னொரு பக்கம். இரண்டாவது கேள்விக்கு நியாயம் அதிகம். சந்தைக் கடைக்காரரோடு இரண்டு வாக்கியம் பேசத் தெரியாத மாணவருக்குக் கிடைப்பது மொழிபெயர்ப்பில் வடிகட்டிய இத்தாலிதான்.

நேரில் போய்ப் படிப்பதிலும் சிக்கல். ஃப்ளாரன்ஸ் நகரத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கிளை வகுப்புகள் ஏராளம். நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு அங்கே ஒரு பழைய மாளிகையும் தோட்டமுமே இருக்கிறது. படிக்க வருபவர்கள், பார்க்க வருபவர்கள் எல்லோரும் சாப்பிடத் திரண்டதில், 2018ல் நகர நிர்வாகம் சில தெருக்களில் சாப்பாட்டு நேரத்தில் நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 150 முதல் 500 யூரோ வரை அபராதம் என்று அறிவித்தது. வெனிஸில் நிலைமை இன்னும் மோசம். 1950களின் தொடக்கத்தில் பழைய நகரத் தீவுகளில் 1,70,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 2022ல் அது 50,000க்குக் கீழே போய்விட்டது. வீட்டு வாடகை கட்ட முடியாமல் ஊர்க்காரர்கள் வெளியேறிய நகரத்தில் வீட்டுச் சமையல் எங்கே மிஞ்சும்? 2024ல் சில நாட்களில், ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள்.

எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி, இந்தச் சாப்பாட்டை விளைவிப்பது யார் என்பது. அதில் இந்தியாவும் வருகிறது. வட இத்தாலியின் போ நதிச் சமவெளிப் பால் பண்ணைகளில் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்பவர்கள் பஞ்சாப் சீக்கியர்கள். பார்மிஜானோ தயாராகும் ரெஜியோ எமிலியா பகுதியின் நொவெல்லாராவில் 2000ல் திறந்த பெரிய குருத்வாரா இருக்கிறது. அங்கே அவர்கள் ஓரளவு காலூன்றிவிட்டார்கள். ரோமுக்குத் தெற்கே லத்தீனா பகுதியின் வயல்களில் அப்படி இல்லை. அங்கே இடைத்தரகர்கள் கூலியில் பாதியை விழுங்குவதும், ஆவணமில்லாமல் வேலை வாங்குவதும் பழைய கதை. இந்த ஏஜென்ட் முறையைத் தடுக்க 2016ல் கடுமையான சட்டமே வந்தது. அதற்குப் பிறகும், 2024 ஜூனில், அங்கே ஒரு பஞ்சாபித் தொழிலாளியின் கை எந்திரத்தில் சிக்கித் துண்டானது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் அவரை வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் இறந்துபோனார். ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். இத்தாலிய நாடாளுமன்றமும் பேசியது.

தெற்கே ஃபோஜாவின் தக்காளி வயல்களில் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளில் வாழ்கிறார்கள். நல்ல பாடத்திட்டங்களில் நேப்பிள்ஸ் வாரத்தில் பீட்சா வரலாற்றோடு இந்த வயல்களும் இடம்பெறுகின்றன. மற்றவற்றில் வருவதில்லை. சேரப் போகிற மாணவர் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கியதும் முதலில் தேட வேண்டியது இந்த வாரத்தைத்தான்.

எங்கே படிக்கலாம்?

உணவுப் பண்பாட்டுக்காகவே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. டூரினுக்குத் தெற்கே பொலென்ஸோ என்ற சிற்றூரில் 2004ல் தொடங்கியது. பின்னணியில் இருப்பது கார்லோ பெத்ரீனியின் ஸ்லோ ஃபுட் இயக்கம். 1986ல் ரோமின் ஸ்பானியப் படிக்கட்டுப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் திறந்ததை எதிர்த்துக் கிளம்பிய அலையில் வளர்ந்த இயக்கம் அது. இங்கே களப்பயணம் பாடத்தின் ஒரு பகுதி. வகுப்பைவிடப் பண்ணையிலும் சந்தையிலும் கற்பது அதிகம் என்பார்கள். 2017ல் இத்தாலியக் கல்வி அமைச்சகம் உணவியலுக்குத் தனிப் பட்டப் பிரிவே உருவாக்கியதால், மற்றப் பல்கலைக்கழகங்களும் இதில் இறங்கின. அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்திலிருந்து முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் டிவி சமையல் நிகழ்ச்சிகளால் பிரபலமான ஜூலியா சைல்டும் ஜாக் பெப்பானும்.

பொலென்ஸோ தனியார் நிறுவனம், கட்டணம் அதிகம். இத்தாலியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் குறையும். வருமானம் குறைந்த வெளிநாட்டு மாணவர்களும் மண்டல அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவிலிருந்து பட்டப்படிப்புக்குப் போகிறவர்கள், விசாவுக்கு முன்பு யுனிவெர்சிதாலி என்ற அரசு இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் நடக்கும் படிப்பாக இருந்தாலும் போவதற்கு முன் ஆறு மாதம் இத்தாலியன் கற்றுக்கொண்டு போவது நல்லது. தெஸ்தாச்சோ சந்தையில் கடைக்காரர் சொல்லும் கதையில் பாதி ரோம் வட்டார வழக்கில்தான் இருக்கும்.